நாலு நிரையில் ஒரு பெரட்டு மணி

எங்கள் வீட்டில் டிவி ஒன்றுதான். சனிக்கிழமை மத்தியானம் அதில் தமிழ்ப் படம் போடுவார்கள். அந்த நேரத்தில் டிவியின் முதுகிலிருந்து ஏரியல் வயரைப் பிடுங்கிவிட்டு கம்ப்யூட்டர் வயரைச் செருக எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது எங்கள் அம்மாவை அறிந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் பிடுங்கினேன். படத்தில் கல்யாண மண்டபம், மாப்பிள்ளை கையில் தாலி, பெண் அழுகிறாள். அந்தக் கட்டத்தில் திரை கறுத்துப்போனது.

"அடிப்பாவி, கட்டுனானா இல்லையான்னு பாக்கறதுக்குள்ள புடுங்கிட்டியேடி!"

"அஞ்சு நிமிஷம் லா மா. விட்டா மறந்துடும்."

மறந்துவிடும் என்பது பொய்யில்லை. குளிம் டவுனில் ஒரு தையல் ஃபேக்டரியில் எனக்கு வேலை. சனிக்கிழமை அரை நாள். திரும்பி வருகிற ஃபேக்டரி பஸ்ஸில் ஒரு மெட்டு தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. லூனாஸ் ஊரைத் தாண்டி எங்கள் ரப்பர் எஸ்டேட் மண் சாலையில் பஸ் குலுங்கக் குலுங்க அது எங்கே சிதறிப் போய்விடுமோ என்று வாயை மூடி முனகிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவள் பல் வலியா என்று கேட்டாள். பதில் சொன்னால் மெட்டு போய்விடும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. இதெல்லாம் எண்பதுகளின் கடைசியில் நடந்தது. எனக்கு இருபது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

கம்ப்யூட்டர் மெஷின் அண்ணனுடையது. அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தார். ஈஸ்டருக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்து டிவியில் மாட்டி, கலர் கலராக கேம் விளையாடிக் காட்டினார். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டு ஜன்னலில் தொங்கினார்கள். லீவு முடிந்து போகும்போது, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்று விட்டுவிட்டுப் போனார். "யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அதை நான் ஒரு வாரம் மதித்தேன்.

தட்டையான ஒரு பெட்டி. மேலே டைப்ரைட்டர் போல எழுத்துகள், பக்கவாட்டில் டிஸ்க் போடுகிற வாய். பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்தபின் குளிமில் டைப்பிங் கிளாஸுக்குப் போயிருந்ததால் எழுத்துகளைப் பார்த்து எனக்குப் பயமில்லை. கேம்கள் சீக்கிரம் சலித்துவிட்டன. பத்துத் தடவை சுட்டுக் கொன்றபின் அந்த ஆகாயக் கப்பல்கள் மேல் எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. டிஸ்க்குகளில் ஒன்றின் மேல் மட்டும் எதுவும் எழுதியிருக்கவில்லை. போட்டுப் பார்த்தேன். திரை முழுக்க நம்பர். பக்கம் பக்கமாக நாலு பத்தி, அதில் வரிசை வரிசையாக கொசோங், கொசோங், கொசோங், அதாவது வெறும் பூஜ்யம். கெட்டுப்போன கேம் என்று நினைத்து எடுக்கப் போனவள், கை பட்டு ஏதோ ஒரு எழுத்தை அழுத்திவிட்டேன்.

பியானோ சத்தம் கேட்டது. எங்கள் டிவிக்குள்ளிருந்து!

பக்கத்து எழுத்தை அழுத்தினேன், அடுத்த சுரம். கீழ் வரிசை முழுக்க ஒரு பியானோ, மேல் வரிசையில் இன்னொன்று. எங்கள் மாதா கோயிலில் ஆர்மோனியம் ஒன்று இருந்தது. அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை, யாருக்குமே இல்லை. இங்கே ஒரு முழு வாத்தியம் என் விரலுக்கடியில் இருக்கிறது, ஏன் தொடுகிறாய் என்று கேட்க ஆள் இல்லை. எதை வாசிப்பது என்று தெரியாமல் என் பெயரை டைப் அடித்தேன். அதற்கொரு மெட்டு வந்தது. அம்மா பெயரை அடித்தேன், அது இன்னும் நன்றாக இருந்தது. அப்பா பெயர் அபஸ்வரம். அன்று சாயங்காலம் முழுவதும் தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் அடித்துப் பார்த்தேன். எஸ்டேட் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் பெயர் அழுகைப் பாட்டு மாதிரி இழுத்தது.

விளங்க வைக்கப் புத்தகம் இல்லை, ஆள் இல்லை. அந்த டிஸ்க்கில் யாரோ செய்து வைத்த இரண்டு மூன்று பாட்டுகள் இருந்தன. அவற்றைப் பிரித்துப் பிரித்துத்தான் கற்றுக்கொண்டேன். பாட்டை ஓட விட்டால் நம்பர்கள் எல்லாம் கீழிருந்து மேலே ஏறிப் போகும், நடுவில் ஒரு பட்டை அசையாமல் நிற்கும். பட்டையைத் தாண்டும் நம்பர்தான் சத்தமாகிறது. இது புரிந்த நிமிஷத்தில் மற்றதெல்லாம் தானாகத் திறந்துகொண்டது. அந்த நாலு பத்தியும் எனக்கு நாலு நிரை. ரப்பர்க் காட்டில் பால்மர வரிசையை நிரை என்போம், அந்த நிரைதான். பால் வெட்டுகிற நாலு வெட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் இறங்கி, ஒருவரும் முந்தாமல் ஒருவரும் பிந்தாமல், மரத்துக்கு மரம் நின்று நடக்கிறார்கள். எந்த எஸ்டேட்டில் அப்படி நடக்கும் என்று கேட்காதீர்கள். மரம் இருக்கிற இடத்தில் சத்தம், கொசோங் இருக்கிற இடத்தில் மரம் இல்லை, சும்மா தாண்டிப் போகவேண்டும். எந்த மரத்தில் எந்தச் சுரம், எந்த வாத்தியம் என்று நான் எழுதினால் அவர்கள் அப்படியே செய்வார்கள். பத்தொன்பது வயதுப் பெண் சொன்னதை அப்படியே கேட்கிறவர்கள் அந்த எஸ்டேட்டில் வேறு யாரும் இல்லை.

மூன்று நிரையை அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் கேட்பேன். மத்தளம் தனியாக வந்தால் அசடு வழியும். பேஸ் தனியாக வந்தால் வயிற்றைப் புரட்டும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் உட்கார முடியாது, கால் தானாக ஆடும். இவ்வளவு அற்பமான சாமான்களிலிருந்தா அவ்வளவு பெரிய பாட்டு வருகிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஒரே நிரையில் மூன்று சுரங்களைப் பொடிப்பொடியாக மாற்றி மாற்றி அடித்து, மூன்று பேர் பாடுவதுபோல் ஏமாற்றுகிற வித்தை ஒன்று இருந்தது. அது பிடிபட்ட அன்று நான் போட்ட கூச்சலில், வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டதென்று அம்மா விளக்குமாற்றோடு ஓடிவந்தார்.

தொல்லைகளுக்கும் குறைவில்லை. பக்கத்து வீட்டு அக்கா இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் எங்கள் வீட்டில் விளக்கு மங்கும், மெஷின் செத்துப் பிழைக்கும், அதுவரை எழுதியது எல்லாம் போய்விடும். டிஸ்க்கில் எழுதிவைக்கவேண்டும் என்று தெரியாமல் ஒரு வாரத்து வேலையை அந்த அக்காவின் பாவாடைக்குப் பலி கொடுத்தேன். பிறகு வேலியோரம் நின்று, "அக்கா, இன்னிக்கு இஸ்திரி உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன். இதில் வேடிக்கை, எங்கள் மாதா கோயிலின் கிறிஸ்மஸ் கேரல் குழுவை நடத்துவதும் அதே அக்காதான்.

அக்டோபரில் அண்ணன் எஸ்டேட் ஆபீஸுக்குப் போன் பண்ணினார். அம்மா சுகம் விசாரித்து முடித்ததும் ரிசீவரை என்னிடம் கொடுத்தார்.

"கிறிஸ்மசுக்கு வர்றேன். போறப்ப அந்த மெஷின எடுத்துட்டுப் போயிடுறேன். இங்க ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான், சரின்னுட்டேன். அங்க சும்மாதானே கெடக்கு."

சும்மாவா? எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. பெரிய கிராணி எதிரில் உட்கார்ந்திருந்ததால் இரண்டையும் விழுங்கிவிட்டு "சரிண்ணே" என்றேன். ஆபீஸிலிருந்து வீடு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். கெஞ்சினால் அண்ணன் கேட்க மாட்டார். அவருக்கு அது விளையாட்டுச் சாமான், என் கையிலும் விளையாட்டுச் சாமான்தான் என்று நினைப்பார். கிறிஸ்மசுக்குள் ஒரு முழுப் பாட்டு செய்து, அவர் வந்திறங்கும்போது அவர் காதில் போட வேண்டும். அதைக் கேட்டபின்னும் அவர் தூக்கிக்கொண்டு போனால் போகட்டும். ஆனால் போகமாட்டார் என்று நம்பினேன். அந்த மெஷின் எனக்கு வேண்டும். என் வாழ்க்கையில் அதற்கு முன் எதையும் நான் அப்படி வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், கேரல் பாட்டு ஒன்றுக்கு நானே மியூசிக் போட்டுத் தருகிறேன் என்றேன். கோயில் ஆர்மோனியத்துக்குள் கரையான் புகுந்து பாதிக் கட்டைகள் ஊமையாகியிருந்த நேரம் அது. அக்கா உடனே சம்மதித்தார். இஸ்திரிப் பெட்டியையும் கிறிஸ்மஸ் வரைக்கும் எடுத்து வைத்துவிட்டார்.

அவர் கொடுத்த பாட்டு மூன்று மூன்றாகத் தாலாட்டுப்போல் ஆடுகிற பாட்டு. என் நிரைகளிலோ அறுபத்து நாலு மரம். மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டு போனால் கடைசியில் ஒரு மரம் மிஞ்சும். அந்த இடத்தில் பாட்டு ஒவ்வொரு தடவையும் நொண்டும். பஸ்ஸில், தையல் மெஷினில், சாப்பாட்டு மேசையில் எல்லாம் அந்த ஒற்றை மரத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் டிஸ்க்கிலிருந்த ஒரு பாட்டைக் குடைந்தபோது, நிரையின் பாதியில் தனியாக ஒரு 'டி' நிற்பதைப் பார்த்தேன். அதை என் பாட்டில் நாற்பத்தெட்டாவது மரத்தில் போட்டேன். மிச்சத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போ என்று அர்த்தம். பாட்டு நொண்டாமல் சுற்றி வந்தது. நான் எழுந்து வீட்டுக்குள்ளேயே மூன்று சுற்று ஆடினேன்.

ஆனாலும் அந்தப் பாட்டில் எங்கள் ஊர் இல்லை. எல்லாம் டிஸ்க்கில் வந்த வெள்ளைக்காரச் சத்தம். மெஷினோடு அண்ணன் ஒரு சின்ன டப்பாவும் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை மெஷினின் பின்னால் மாட்டி, டேப் ரெக்கார்டரிலிருந்து வயர் கொடுத்தால் எந்தச் சத்தத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அண்ணன் அதைப் பிரிக்கக்கூட இல்லை. நான் பிரித்தேன். அம்மா ஒரு தடவை தும்மினார். அதை ஏற்றி, எழுத்துகளை அழுத்தினால் தடித்த தும்மல், மெல்லிய தும்மல், எலி தும்முவதுபோல் ஒரு தும்மல். பிடித்த சத்தம் ஒன்றுதான், அது எல்லாச் சுரத்திலும் பாடுகிறது!

அப்போதுதான் அப்பாவின் மணி ஞாபகம் வந்தது. எங்கள் அப்பா எஸ்டேட்டில் காவல்காரர். விடியும் முன் பெரட்டு மணி அடிப்பதும் அவர்தான். ஆபீஸ் முன்னாலிருந்த மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை இரும்புக் கம்பியால் அடித்தால் கடைசி லயம் வரைக்கும் கேட்கும். வெட்டுக்காரர்கள் எழுந்து, பெரட்டுக் களத்தில் வந்து நின்று, பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லவேண்டும். அந்த மணியைத் திட்டாத வாய் எங்கள் எஸ்டேட்டில் இல்லை. மணியைத் திட்டுகிற வேகத்தில் அடிக்கிறவரையும் சேர்த்துத் திட்டுவார்கள். அப்பா காதில் வாங்கமாட்டார். அண்ணன்கூட அந்த மணிக்குப் பயந்துதான் சிங்கப்பூர் போனதாகச் சிரித்துக்கொண்டே சொல்வார், அதற்கு அப்பா சிரித்ததில்லை. அண்ணன் எஸ்டேட்டை விட்டுப் போனதிலிருந்து இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்வது குறைந்துவிட்டது. சண்டை ஒன்றுமில்லை. வேண்டியதை அம்மா வழியாகச் சொல்லிக்கொள்வார்கள்.

மறுநாள் விடியலில் டேப் ரெக்கார்டரோடு மரத்தடியில் போய் நின்றேன்.

"இத எதுக்கும்மா புடிக்கிற?" என்றார் அப்பா.

"பாட்டுக்குப்பா."

"இதுலயா பாட்டு?" என்று கம்பியைப் பார்த்தார். பிறகு, "தள்ளி நில்லு, காது போயிடும்" என்றுவிட்டு அடித்தார்.

ஒரே ஒரு அடியை மட்டும் வெட்டி எடுத்து மெஷினில் ஏற்றினேன். கீழ் எழுத்துகளில் அது பெரிய மாதா கோயில் மணியாக முழங்கியது, மேல் எழுத்துகளில் கொலுசாக உதிர்ந்தது. அப்பாவின் தண்டவாளத்துக்குள் இவ்வளவு இருந்ததா என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாலாட்டின் ஆட்டத்துக்கு ஏற்ப மணியை மூன்று மூன்றாக வைத்தேன். டிவியின் சின்ன ஸ்பீக்கரில், அக்கம்பக்கம் கேட்காத சத்தத்தில், வாரக்கணக்கில் அதையே கேட்டுக் கேட்டு, அது பெரட்டு மணி என்பதையே மறந்துபோனேன். எனக்கு அது என் பாட்டின் மூன்றாவது நிரை, அவ்வளவுதான்.

கிறிஸ்மசுக்கு இரண்டு நாள் முன்பு கோயில் வாசலில் ஒத்திகை. மாரியம்மன் கோயில் கூம்பு ஸ்பீக்கரை வழக்கம்போல் கேட்டு வாங்கி வந்து கூரையில் கட்டியிருந்தார்கள். மறுநாள் அண்ணன் வந்துவிடுவார். டிவியைத் தலையணை போட்டுக் கைவண்டியில் ஏற்றி, மெஷினை மடியில் இருக்கும் பிள்ளைபோல் நான் தூக்கிக்கொண்டு போனேன். ஆம்ப்ளிஃபையரில் வயரை மாட்டி, அக்கா "போடு லா" என்றதும் ஓடவிட்டேன்.

முதலில் சில அடிகள் வெறும் மணி மட்டும். அதுதான் என் ஆரம்பம், அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. டாங் டாங் டாங், டாங் டாங் டாங் என்று கூம்பு வழியாக எஸ்டேட் முழுக்கப் போனது. பாடத் தொடங்க வேண்டிய அக்கா பாடவில்லை. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, மூணு மூணா அடிச்சா என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

தெரியும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ரப்பர் ஷீட் காய வைக்கிற புகைக்கூடம் தீப்பிடித்த அன்று கேட்டிருக்கிறேன். பெரட்டுக்கு வரிசையாக அடிப்பார்கள், ஆபத்து என்றால் மூன்று மூன்றாக. தெரிந்தும் எனக்குத் தோன்றவே இல்லை. பதறி நிறுத்தப் போனேன், தப்பான எழுத்தை அழுத்தி, பாட்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

அதற்குள் லயம் லயமாகக் கதவுகள் திறந்துவிட்டன. வாளியோடு சிலர், பாராங் கத்தியோடு சிலர், தலையில் சோப்பு நுரையோடு ஒருவர். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். எல்லோரும் புகைக்கூடத்துப் பக்கம் ஓடினார்கள். அங்கே புகையைத் தவிர ஒன்றுமில்லை, அது எப்போதும் இருக்கிற புகை. பகல் தூக்கத்திலிருந்து எழுந்த அப்பா கைலியைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் மரத்தடிக்கே ஓடியிருக்கிறார். தண்டவாளம் அசையாமல் தொங்குகிறது, பக்கத்தில் ஆள் இல்லை, ஆனால் மணி அடிக்கிறது. அங்கேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டாராம்.

அந்தக் களேபரத்தில்தான் ஒரு டாக்சி வந்து நின்றது. அண்ணன் ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டார். ஜனங்கள் ஓடுவதைப் பார்த்துப் பையைக் கீழே போட்டுவிட்டு, எங்கள் வீட்டுக்குள் பாய்ந்து, அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "எறக்குடா, எறக்குடா" என்று அம்மா முறத்தால் அவர் முதுகில் அடித்துக்கொண்டே வந்தார்.

விஷயம் தெரிந்ததும் பாதிப் பேர் திட்டினார்கள், பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெரிய கிராணி சிரிக்கவில்லை. "தொரை காதுக்குப் போனா மொதல்ல ஒங்க அப்பா வேலைதான் போவும். கூம்புல இனிமே இந்த மணி கேக்கக்கூடாது. எங்கயும் மூணு மூணா வரக்கூடாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அப்பா தலைகுனிந்து நின்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

வீட்டில் அண்ணன் கத்தினார். "கை வைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா? ஊரையே கச்சாவ் பண்ணி ஓட வச்சிருக்கா. நாளைக்கே பெட்டியில வைக்கிறேன்."

"கிறிஸ்மஸ் முடியட்டும்" என்றார் அம்மா. சனிக்கிழமைதோறும் என்னோடு மல்லுக்கு நின்ற அம்மா. "அது வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும். எம் புள்ள ரெண்டு மாசமா ஒக்காந்து செஞ்சிருக்கா."

மறுநாள் முழுவதும் மணியைப் பிரித்தேன். மூன்றில் முதல் அடியை மட்டும் மணிக்கு வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அம்மா கரண்டியால் சட்டியைத் தட்டுகிற சத்தத்துக்குக் கொடுத்தேன். டாங், டிக், டிக். முன்பு மணி ஓடி ஓடி மூச்சு வாங்கியது, இப்போது ஆடி நடந்தது. முதலில் இருந்ததைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. அதை கிராணியிடம் மட்டும் சொல்லவில்லை. அண்ணன் வெளியே போய்ப் போய் வந்தார், திரையைப் பார்க்கவே இல்லை. கேரல் குழு அன்றிரவு டாம்பரின் மட்டும் தட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனது.

கிறிஸ்மஸ் அன்று சாயங்காலம் ஆட்கள் தாங்களாகவே வந்தார்கள். பலகாரத் தட்டு ஒரு சாக்கு. "எங்கள ஓட வச்ச அந்த மணிய ஒருக்கா போடு பாப்போம்" என்றார்கள். இந்து வீட்டுக்காரர்கள், மாதா கோயில்காரர்கள், பெரிய கிராணியின் மனைவிகூட வந்திருந்தார். டிவியை வாசல் பக்கம் திருப்பி வைத்தோம். அண்ணன் எல்லோருக்கும் பின்னால், துணிக்கொடி கட்டிய கம்பத்தில் சாய்ந்து நின்றார். நான் ஓடவிட்டேன்.

முதல் மணி விழுந்ததும், "ஐயோ, பெரட்டு!" என்று ஒருவர் பயந்ததுபோல் நடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பேஸ் வந்தது, மத்தளம் வந்தது, அக்கா பாடத் தொடங்கினார், மணி மேலே ஏறி மெட்டை வாங்கிக்கொண்டது. ஒரு வெட்டுக்கார அம்மா இடுப்பில் கை வைத்து ஆட ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். யாரோ பெரட்டு எடுக்கிற மண்டோர் குரலில் பெயர் கூப்பிட, ஆடிக்கொண்டே ஒவ்வொருவராக "இருக்கேன்!" என்று பதில் கத்தினார்கள். ஆயுசு முழுக்க அந்த மணிக்குத் திட்டிக்கொண்டே எழுந்தவர்கள், எங்கள் வாசலில் அதே மணிக்குக் குதித்துக் குதித்து ஆடினார்கள். "திருப்பிப் போடு, திருப்பிப் போடு" என்று விடவே இல்லை. அவ்வளவு சந்தோஷத்தை வைக்க எனக்குள் இடம் போதவில்லை.

அண்ணன் என்னிடம் வந்து, "இதெல்லாம் நீயே போட்டதா?" என்றார்.

"ஆமாண்ணே."

கொஞ்ச நேரம் நம்பர்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லாருக்கு. ஆனா நான் வாக்குக் கொடுத்துட்டேன்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்பாகச் சொன்னதால் பாட்டை மறுபடி ஓடவிடத் திரும்பிக்கொண்டேன். நான் நினைத்தபடி எல்லாம் நடந்தும் மெஷின் போகப் போகிறது.

மறுநாள் காலை டாக்சி வந்தது. அண்ணன் மெஷினைப் பெட்டியில் வைத்து, ராஃபியா கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, வாசலுக்குத் தூக்கி வந்தார். நான் அடுப்படியில் நின்றுகொண்டேன். அழுவதை அவர் பார்த்துவிடக்கூடாது. காவல் முடிந்து, மணி அடித்துவிட்டு, அப்பா அப்போதுதான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். டாக்சி பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"தம்பி, அத எறக்கு."

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அம்மா வழியாக இல்லாமல் நேராக அண்ணனிடம் அவர் பேசியது அது.

"அப்பா, ஃப்ரெண்டுக்குச் சொல்லிட்டேனே."

"சொல்லிக்கலாம்" என்றார் அப்பா. கையிலிருந்த மணிக் கம்பியை வேலியில் சாய்த்தார். "நீ பொறக்கறதுக்கு முன்னருந்து நான் அந்த மணிய அடிக்கிறேன்யா. ஒருத்தன் ஒரு நாளாச்சும் அதக் கேட்டு சந்தோசப்பட்டதில்ல. எம் பிள்ள நீகூட படல. நேத்து எல்லாரும் ஆடுனாங்க. இன்னிக்கு விடியக்காத்தால நான் மணி அடிக்கறப்ப ரெண்டு பேரு சிரிச்சிக்கிட்டே களத்துக்கு வந்தாங்க." பெட்டியின் மேல் கையை வைத்தார். "அத எடுத்துட்டுப் போவாத."

டாக்சிக்காரர் எஞ்சினை நிறுத்தினார். அண்ணன் முழங்கையால் டாக்சிக் கதவைத் தள்ளிச் சாத்தினார். பிறகு "சரிப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் அவர் முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டிருந்தது.

அடுப்படியிலிருந்து நான் ஓடி வந்தேன். பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அண்ணன் கொடுக்கவில்லை. அப்பா ஒரு பக்கமும் அண்ணன் ஒரு பக்கமும் பிடித்து, வாசற்படி தடுக்காமல், "பாத்து, பாத்து" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே அதை உள்ளே தூக்கி வந்தார்கள். அந்தப் பெட்டி ஒரு ஆள் தூக்குகிற கனம்தான்.